அகன்ற விழியும் கூரிய பார்வையும்

மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த முதியவர் ஒருவர், தூரத்தில் வரும் பஸ்ஸின் பெயர்ப் பலகையை வாசிக்க முயலும் விதத்தை யாவரும் கண்டிருப்போம். அவர் கண்களை அகலத் திறப்பதில்லை. இமைகளை நெருக்கி, கீற்றளவு இடைவெளி விட்டு நோக்குகிறார். எழுத்துகள் ஓரளவு தெளிகின்றன. கண்ணுள் புகும் ஒளி குறைகிறது. ஆயினும் காட்சியின் கூர்மை கூடுகிறது. இஃது எவரும் அவருக்குக் கற்பித்த வித்தையன்று, அநுபவமே கற்பித்தது.

இரவில் நிகழ்வது இதற்கு மாறானது. பகல் வெளிச்சத்தில் ஏறக்குறைய 2 மில்லிமீற்றராகச் சுருங்கியிருக்கும் கண்மணி, இளைஞர் ஒருவருக்கு இருளில் 7 மில்லிமீற்றர் வரை விரிகிறது. கிடைக்கும் சிறிதளவு ஒளியையும் அது திரட்டிக் கொள்கிறது. ஆனால் தெருவிளக்குகளைச் சுற்றிக் கதிர்கள் சிதறுவதும், எழுத்துகளின் விளிம்புகள் கரைவதும் அந்த நேரத்திலேதான். ஒளி மிகுதியாக வேண்டுமாயின் கூர்மையில் ஒரு பங்கை விட்டுக் கொடுக்க வேண்டும் என்ற வழக்கு, இயற்கை தந்த கண்ணிலேயே தொடங்கிவிடுகிறது. மனிதன் செய்த கமராவில் அந்த வழக்கு ஏறக்குறைய 180 ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. அதன் வரலாற்றையும் இன்றைய நிலையையும் இவ்வாரம் நோக்குவோம். கமரா வாங்க எண்ணும் மாணவருக்கும், அதற்குப் பணம் கொடுக்கப் போகும் பெற்றோருக்கும் இது பயன்படக்கூடும்.

எண் சிறிது, வாய் பெரிது

கமராக் கடைகளில் 50 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள வில்லைகள் பலவற்றைக் காணலாம். ஒன்றின் விளிம்பில் எஃப் 1.8 என்றும், மற்றொன்றில் எஃப் 1.4 என்றும், வேறொன்றில் எஃப் 1.2 என்றும் பொறித்திருக்கும். குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுக்க வரும் எண்ணே இது. 50 மில்லிமீற்றர் வில்லையில் எஃப் 2 என்றால் துவாரத்தின் விட்டம் 25 மில்லிமீற்றர், எஃப் 1.4 என்றால் ஏறக்குறைய 36 மில்லிமீற்றர். எஃப் 8 என்றால் 6 மில்லிமீற்றர் அளவே. எண் குறையக் குறையத் துவாரம் விரிகிறது. விலையோ வேகமாக ஏறுகிறது.

இதனால் வரும் இலாபம் பெரிது. எஃப் 8 இல் ஒரு வினாடி திறந்திருக்க வேண்டிய கமராவை, எஃப் 1.4 இல் ஏறக்குறைய வினாடியின் 30இல் ஒரு பங்கு நேரம் திறந்தால் போதும். ஒரு வினாடி அசையாமல் இருக்கக்கூடிய குழந்தை எங்கே இருக்கிறது? வினாடியின் 30இல் ஒரு பங்கு என்றால், சிரிக்கும் குழந்தையையும் ஒருவாறு பிடித்துவிடலாம். குறுகிய நேரத்தில் வேலையை முடிப்பதனாலேயே இவற்றை ‘வேக வில்லைகள்’ என்று படம் பிடிப்போர் அழைக்கின்றனர்.

ஆனால் இவற்றை வாங்கிய பலர், துவாரத்தை முழுதும் திறந்து எடுத்த முதற் படங்களைக் கண்டதும் மனம் சோர்கின்றனர். உருவங்களின்மேல் மெல்லிய பனிமூட்டம் படிந்தது போலிருக்கிறது. மூலைகளில் விளக்குகள் வால் முளைத்துத் தோன்றுகின்றன. அதே வில்லையை எஃப் 4 இல் வைத்து எடுத்தால் படம் பளிச்சென்று வருகிறது. இத்தனை பணம் கொடுத்து அகன்ற துவாரத்தை வாங்கியது எதற்காக என்ற வினா எழுவது இயல்பே.

குற்றம் ஒளியினதா, கண்ணாடியினதா?

முதலில் ஒளியை விசாரிப்போம். ஒளி ஓர் அலை. சிறிய துளையூடு செல்லும்போது அது சற்றே வளைந்து பரவும். இதனைக் கோணல் என்று பௌதிக நூல்கள் கூறும். துளை சிறியதானால் பரவுதல் அதிகம். எஃப் 16 இல் ஒரு புள்ளியின் விம்பம் ஏறக்குறைய 0.02 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டமாகப் பரவுகிறது, எஃப் 1.4 இலோ அது 0.002 மில்லிமீற்றர் அளவே. ஆகவே ஒளியின் இயல்பை மட்டும் நோக்கினால், துவாரம் விரிய விரியக் கூர்மை வளரவேண்டும். ஒளியின்மேல் குற்றம் இல்லை.

கண்ணாடியின் வடிவமே குற்றவாளி. வில்லையின் மேற்பரப்பு பெரும்பாலும் கோளத்தின் ஒரு துண்டாகவே இருக்கும். இரண்டு பரப்புகளைத் தூளிட்டு ஒன்றன்மேல் ஒன்று எல்லாத் திசைகளிலும் தேய்த்தால் இயல்பாகவே உண்டாகும் வடிவம் கோளம். ஆகவே செய்வதற்கு அதுவே எளிது. ஆனால் ஒளிக்கதிர்களை ஒரே புள்ளியில் கூட்டுவதற்கு அது பொருத்தமான வடிவமன்று. விளிம்பின் வழியே செல்லும் கதிர்கள் நடுவே செல்பவற்றிலும் கூடுதலாக முறிந்து, முன்னரே குவிந்துவிடுகின்றன. இதன் பெயர் கோளப் பிறழ்ச்சி.

இதில் மாணவர் மனத்திற் கொள்ள வேண்டிய கணக்கு ஒன்றுண்டு. திருத்தப்படாத எளிய வில்லை ஒன்றில் துவாரத்தின் விட்டத்தை இரு மடங்காக்கினால், உட்புகும் ஒளி நான்கு மடங்காகும். ஆனால் கோளப் பிறழ்ச்சியால் உண்டாகும் மங்கல் வட்டத்தின் விட்டமோ எட்டு மடங்காகும். வரவு நான்கு, செலவு எட்டு! வேக வில்லை செய்ய முனைந்த ஒவ்வொருவரும் இந்தக் கணக்கோடுதான் போராடினர்.

வேறு பிறழ்ச்சிகளும் உள. படத்தின் ஓரங்களில் விழும் ஒளிப்புள்ளி வால்வெள்ளி போல நீளுவது ஒன்று. நிறங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு தூரத்தில் குவிவதால், கரிய கிளைகளின் விளிம்பில் ஊதாவும் பச்சையும் கசிவது மற்றொன்று. துவாரம் விரியும்போது இவையும் வளர்கின்றன. துவாரத்தைச் சுருக்கினால் கண்ணாடியின் விளிம்புப் பகுதி மறைக்கப்பட, நல்ல நடுப்பகுதி மட்டும் தொழிற்படுகிறது. முழுத் துவாரத்திலும் எஃப் 4 இலும் எடுத்த இரு படங்களுக்கிடையே நாம் கண்ட வேறுபாடு இதனால் வந்ததே.

பீரங்கி வீரர் போட்ட கணக்கு

1839ஆம் ஆண்டில் தாகேர் தமது முறையை உலகறியச் செய்தபோது, கமராக்களில் இருந்த வில்லையின் துவாரம் எஃப் 15 அளவே. ஓர் உருவத்தைப் பதிக்கப் பல நிமிடங்கள் சென்றன. கட்டிடங்கள் பொறுத்திருந்தன, மனிதரால் முடியவில்லை.

அடுத்த ஆண்டிலேயே இதற்கு விடை வந்தது. வியன்னாப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராயிருந்த யோசெப் பெற்ஸ்வால், நான்கு கண்ணாடிகளைச் சேர்த்து ஏறக்குறைய எஃப் 3.6 துவாரமுள்ள வில்லையொன்றை 1840இல் வகுத்தார். முன்னையதைவிடப் பதினாறு மடங்குக்கு மேலான ஒளியை அது உட்கொண்டது. தேய்த்துத் தேய்த்துப் பார்த்துச் செய்ததன்று அது. தேய்ப்பதற்கு முன்னரே கதிர்களின் பாதையைக் கணக்கிட்டுச் செய்தது. கணினி இல்லாத அக்காலத்தில் அது மலைபோன்ற வேலை. ஒஸ்திரிய அரச குடும்பத்தவரான லுட்விக் கோமகன், பீரங்கிப் படையிலிருந்து கணக்கறிந்த வீரர் சிலரை அவருக்கு உதவியாக அளித்தார் என்பர். குண்டு செல்லும் பாதையைக் கணிக்கப் பழகியவர்கள், ஒளி செல்லும் பாதையைக் கணித்தனர்.

அவ்வில்லையின் விம்பம் நடுவில் மிகக் கூரியது; ஓரங்களிலோ கூர்மை கரைந்து, பின்புறக் காட்சி சுழல்வது போலத் தோன்றும். ஓரங்களைத் திருத்த முற்பட்டிருந்தால் நடுவின் கூர்மையும் துவாரத்தின் அகலமும் கெட்டிருக்கும். மனிதர் படத்திலே முகம் நடுவில்தானே இருக்கிறது! எங்கே கூர்மை தேவையோ அங்கே அதனை வைத்து, மற்ற இடத்தில் குறையை ஏற்றுக்கொண்டார் பெற்ஸ்வால். வேக வில்லைகளின் வரலாறு முழுவதிலும் இந்த விவேகம் தொடர்ந்து வருவதைக் காண்கிறோம்.

விளக்கொளியில் பிடிபட்ட வரலாறு

1924இல் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்த எர்னெமான் நிறுவனம் எர்மனொக்ஸ் என்னும் சிறு கமராவை வெளியிட்டது. அதன் எர்னொஸ்ரார் வில்லை எஃப் 2 துவாரமுடையது; பின்னர் அது எஃப் 1.8 ஆகவும் விரிந்தது. அதனைக் கணித்த லுட்விக் பேர்டெலே, அப்போது இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞர்.

அந்தக் கமரா எரிக் சலமொன் என்பவர் கைக்கு வந்தது. சட்டம் பயின்றவரான அவர், 1928இல் பெர்லினில் நடந்த கொலை வழக்கொன்றின் விசாரணையைத் தொப்பிக்குள் மறைத்த கமராவால் படம் பிடித்தார். அதன்பின் அரசாங்கங்களின் மாநாட்டு மண்டபங்களுக்குள் புகுந்தார். அக்காலத்தில் உள்ளறையில் படம் எடுப்பதென்றால் மக்னீசியத் தூளைக் கொளுத்த வேண்டும். ஒளி வெடிக்கும், புகை எழும், எல்லோரும் திரும்பிப் பார்த்து முகத்தைச் சீர்செய்து கொள்வர். சலமொன் எதையும் கொளுத்தவில்லை. அறையில் எரிந்த விளக்கே அவருக்குப் போதுமாயிருந்தது. 1930இல் ஹேக் மாநாட்டின்போது, நள்ளிரவு கடந்தும் முடியாத பேச்சுவார்த்தையில் களைத்து, நாற்காலிகளில் சாய்ந்து கிடந்த அமைச்சர்களை அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. நாடுகளின் விதியை எழுதுவோரும் தூக்கத்துக்கு அடங்கும் மனிதரே என்பதை மக்கள் அப்படத்தில் கண்டனர்.

அப்படங்களை இன்றைய கமரா தரும் படங்களோடு ஒப்பிட்டால் கூர்மை குறைந்தவையே. ஒரு முகம் தெளிவாயிருக்க அடுத்த முகம் மங்கும். அசைந்த கை கரைந்திருக்கும். ஆயினும், எஃப் 8 இல் காத்திருந்த கூரிய வில்லைகள் அந்த அறைகளிலிருந்து ஒரு படத்தையும் கொண்டுவரவில்லை. யூதரான சலமொன் நாற்சிகளின் ஆட்சியில் நெதர்லாந்துக்குத் தப்பிச் சென்றும் பிடிபட்டு, 1944இல் அவுஷ்விற்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். அவர் பார்த்த உலகம் அந்த மங்கலான தகடுகளில் நின்றுவிட்டது.

குறையைத் தீர்க்கக் கொடுத்த விலை

பிறழ்ச்சிகளைத் திருத்த மேலும் மேலும் கண்ணாடிகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆனால் ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து பங்கைத் திருப்பி எறியும். எட்டுப் பரப்புகள் இருந்தால் பத்தில் மூன்று பங்கு ஒளி வழியிலேயே தொலையும். தொலைந்த ஒளியில் ஒரு பகுதி உள்ளே அலைந்து திரிந்து, படத்தின் கருமையைச் சாம்பலாக்கும். 1935இல் கார்ல் சைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஸ்மாகுலா, கண்ணாடியின்மேல் மிக மெல்லிய பூச்சிட்டு இந்தத் தெறிப்பைக் குறைக்கும் முறையைக் கண்டார். வில்லைகளின்மேல் நாம் காணும் நீலமும் ஊதாவுமான மினுமினுப்பு அப்பூச்சினுடையதே. அதன்பின் கண்ணாடிகளைத் தயக்கமின்றிக் கூட்டலாம் என்றாயிற்று.

கோளத்தையே கைவிடுவது அடுத்த வழி. விளிம்பை நோக்கி வளைவு மாறும் கோளமல்லாப் பரப்பைத் தேய்ப்பது மிகக் கடினம். 1966இல் லைற்ஸ் நிறுவனம் வெளியிட்ட எஃப் 1.2 நொக்ரிலக்ஸ் வில்லையில் இத்தகைய பரப்புகள் இரண்டு இருந்தன. தனிப் பயிற்சி பெற்ற கைகளாலேயே அவற்றை உருவாக்க முடிந்தது. 1977இல் நிக்கோன் வெளியிட்ட 58 மில்லிமீற்றர் நொக்ற் வில்லையும் அவ்வாறே. இரவு விளக்குகள் ஓரத்திலும் புள்ளிகளாகவே தோன்ற வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இவற்றையெல்லாம் விஞ்சியது, நாசா விண்வெளி நிறுவனத்துக்காக 1966இல் சைஸ் செய்த எஃப் 0.7 வில்லை. ஸ்ரான்லி குப்ரிக் என்னும் நெறியாளர் அதனைப் பெற்று, 1975இல் வெளிவந்த ‘பரி லிண்டன்’ திரைப்படத்தில் மெழுகுவர்த்தி ஒளியில் மட்டும் காட்சிகளை எடுத்தார். நடிகர் சற்றே முன்னே சாய்ந்தாலும் முகம் மங்கிவிடும். ஆகையால் அவர்கள் அதிகம் அசையாது நடிக்க வேண்டியிருந்தது. அந்த மென்மையும் அசையாமையும் பழைய ஓவியங்களின் சாயலை அப்படத்துக்கு அளித்தன.

இன்று கணினி கதிர்ப் பாதைகளைக் கணக்கிடுகிறது. உருக்கிய கண்ணாடியை அச்சிலிட்டு அழுத்திக் கோளமல்லாப் பரப்பைப் பெறுகின்றனர். முழுத் துவாரத்திலேயே ஓரம்வரை கூர்மை தரும் வில்லைகள் வந்துவிட்டன. ஆயினும் வழக்கு முற்றாகத் தீர்ந்ததன்று; செலவு வேறிடத்துக்கு மாறியிருக்கிறது. முன்னாளில் எஃப் 1.4 வில்லையொன்று ஏழு கண்ணாடிகளோடு கால் கிலோகிராம் அளவில் முடிந்தது. 2014இல் வெளிவந்த சிக்மாவின் எஃப் 1.4 வில்லையில் 13 கண்ணாடிகள். எடை 815 கிராம். 2019இல் நிக்கோன் வெளியிட்ட எஃப் 0.95 நொக்ற் வில்லையில் 17 கண்ணாடிகள். எடை 2 கிலோகிராம். கூர்மைக்கு உரிய விலையை இப்போது பணப்பையும் தோளும் சேர்ந்து கொடுக்கின்றன.

வில்லைமேல் பழி போடுமுன்

மங்கலான படங்கள் எல்லாவற்றுக்கும் வில்லையே காரணமன்று. 50 மில்லிமீற்றர் வில்லையை எஃப் 1.4 இல் திறந்து, ஒரு மீற்றர் தூரத்திலுள்ள முகத்தை எடுக்கிறீர்கள் என்க. 35 மில்லிமீற்றர் பிலிம் அளவுள்ள கமராவில், தெளிவாகத் தோன்றும் ஆழம் ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர் மட்டுமே. எஃப் 8 இல் அது 19 சென்ரிமீற்றர். கண்ணைக் குவித்தால் காது மங்கும். குவித்தபின் நீங்கள் மூச்சுவிட்டுச் சற்றே சாய்ந்தாலும் கண்ணே மங்கும். இது எத்துணை உயர்ந்த வில்லைக்கும் பொதுவான விதி.

எது யாருடைய பிழை என்று அறிய வீட்டிலேயே ஒரு பரிசோதனை செய்யலாம். இப்பத்திரிகையின் பக்கம் ஒன்றைச் சுவரில் தட்டையாக ஒட்டுங்கள். கமராவை முக்காலியில் நிறுத்தி, சுவருக்கு நேரெதிராக வைத்து, கைபடாமல் தானே இயங்கும்படி செய்து, எஃப் 1.4, 2, 2.8, 4, 8, 16 என ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு படம் எடுங்கள். பின்னர் நடுவிலுள்ள எழுத்துகளையும் மூலையிலுள்ள எழுத்துகளையும் பெருப்பித்து ஒப்பிடுங்கள். எழுத்தின் வடிவம் சரியாக இருந்து, மேலே பனி போன்ற ஒளி மட்டும் படிந்திருந்தால் அது கோளப் பிறழ்ச்சி. மூலை மட்டும் கெட்டிருந்தால் ஓரத்துப் பிறழ்ச்சி. எஃப் 16 இல் படம் முழுவதும் சற்றே மழுங்கினால், முன்னர் சொன்ன ஒளியின் கோணல்.

அடுத்து, பக்கத்தை மேசைமேல் விரித்து, சாய்ந்த கோணத்தில் நின்று, நடுவிலுள்ள ஒரு வரியைக் குறிவைத்து முழுத் துவாரத்தில் எடுங்கள். நீங்கள் குறித்த வரிக்கு முன்னோ பின்னோ உள்ள வரி கூர்மையாயிருந்தால், பிழை குவிப்பதில் உள்ளது. வில்லையை மாற்றுவதால் அது தீராது. இரு பரிசோதனைகளிலும் வில்லை நன்கு தேறி, கையில் வைத்து எடுக்கும்போது மட்டும் படம் கெடுமானால், கை நடுக்கமோ படத்திலிருப்பவரின் அசைவோ காரணம் எனத் தெளியலாம்.

வாங்குவோருக்கு

கடற்கரையிலும் பாடசாலை மைதானத்திலும் பகலில் படம் எடுப்பவருக்கு எஃப் 1.2 வில்லையால் பெரும் பயனில்லை. எஃப் 5.6 இல் மலிவான வில்லையும் விலையுயர்ந்ததும் தரும் படங்களை வேறுபிரித்தறிவது பெரும்பாலும் அரிது. தொடக்கத்தில் நிற்கும் மாணவருக்கு எஃப் 1.8 வில்லை போதும், எஃப் 1.4 ஐவிட அது இழப்பது முக்கால் படி ஒளிகூட இல்லை, மிஞ்சும் பணமோ அதிகம். கோயில் உள்வீதியிலும், மேடை விளக்கிலும், வீட்டு விளக்கொளியிலும் மனிதரை எடுக்க விரும்புவோருக்கே மேலும் அகன்ற துவாரம் வேண்டும். அவர்களும் வாங்குமுன், தாம் எடுக்கும் படங்களில் மூலையின் கூர்மை உண்மையில் தேவைதானா என்று பெற்ஸ்வாலைப் போல ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கைத்தொலைபேசியிலும் எஃப் 1.8 என்று போட்டிருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். எண் ஒன்றே, குவியத்தூரம் சில மில்லிமீற்றர் மட்டுமே என்பதால் துவாரத்தின் விட்டமும் மூன்று நான்கு மில்லிமீற்றருக்குள் அடங்கும். சின்னஞ்சிறு பிளாஸ்ரிக் வில்லைகளை விரும்பிய வளைவில் வார்ப்பது எளிது. தெளிவின் ஆழமும் தானாகவே பெரிதாயிருக்கும். ஆனால் அச்சிறு துளை திரட்டும் ஒளியும் சிறிதே. இரவுப் படங்களில் அக்குறையைப் பல படங்களைச் சேர்த்துக் கணக்கிட்டே தொலைபேசி மறைக்கிறது.

கூர்மை நல்லதுதான்; அதனைத் தேடிய கணித மேதைகளுக்கும், கண்ணாடி தேய்த்த கைகளுக்கும் நாம் கடமைப்பட்டவர்கள். ஆனால் வேக வில்லை நமக்குத் தரும் முதற்பொருள் வேறு. விளக்கு மங்கலாய் எரியும் அறையில், பேரனுக்குக் கதை சொல்லும் பாட்டியின் முகத்தை அது எடுத்துத் தருகிறது. அந்தப் படத்தின் மூலை சற்றே கரைந்திருக்கலாம். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதனைக் கையில் எடுப்பவர் எவரும் மூலையைப் பார்க்கப் போவதில்லை.